லயனல் வென்ட்: பியானோவிலிருந்து முழவுவரை

திகனவிலிருந்து கண்டி நகரை நோக்கிச் செல்லும் ஒருவர், செவியைத் திறந்து வைத்திருப்பாராயின், சில மைல் தூரத்துக்குள் மூன்று வகை ஒலிகளைக் கேட்கலாம். விகாரைகளிலும் தேவாலயங்களிலும் ‘கெட்ட பெரய’ என்னும் கண்டி முழவு ஒலிக்கும். தோட்டத்து லயங்களிலே திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் சாவுக்கும் தப்பு ஒலிக்கும். நகரத்து மிஷன் பாடசாலை மண்டபத்திலே பியானோ ஒலிக்கும். மூன்றும் ஒரே மலைக்காற்றில் கலக்கின்றன. ஆயினும் ஒன்றைக் கேட்கும் செவி மற்றொன்றைக் கேட்பதில்லை. இடையே சுவர்கள் நிற்கின்றன. அச்சுவர்களை எழுப்பியது இயற்கையன்று, வரலாறு.

அண்மையில் வகுப்பிலே நாம் லயனல் வென்ட் என்னும் பியானோக் கலைஞரைப் பற்றிச் சிறிது பேச நேர்ந்தது. தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டான். நகைப்புக்காகக் கேட்ட கேள்வியன்று அது. பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி. மணி அடித்துவிட்டபடியால் அன்று நாம் தப்பித்துக்கொண்டோம். அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலிற் பியானோவின் கதையை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், அரச குடும்பமொன்றின் ஊழியராய் இருந்த கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் அக்கருவியை ஆக்கினார். அதற்கு முந்திய கட்டைக் கருவிகள் பலவற்றில் தந்தி மீட்டப்பட்டது. விரல் மென்மையாகப் பட்டாலும் வன்மையாகப் பட்டாலும் ஓசை ஒன்றே. கிறிஸ்தோபோரியோ தந்தியை ஒரு சிறு சுத்தியலால் தட்டும் பொறியை அமைத்தார். விரலின் மென்மையும் வன்மையும் ஓசையிலே தோன்றலாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கைத்தொழிற் புரட்சி அதற்கு வார்ப்பிரும்புச் சட்டகத்தையும் உருக்குத் தந்திகளையும் அளித்தது. மன்னரின் மண்டபத்துக்கு உரியதாயிருந்த கருவி தொழிற்சாலைப் பண்டமாகி, முதலாளித்துவ வர்க்கத்தின் வரவேற்பறையில் வந்தமர்ந்தது.

அந்த வரவேற்பறையிலிருந்தே அது கப்பலேறி இலங்கைக்கு வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. பின்னர் மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, 1867இலேயே ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் உழைப்பு கோப்பிக்கும் உரமாயிற்று, தேயிலைக்கும் உரமாயிற்று. அவ்வுழைப்பின் பயனாய் விளைந்த செல்வம் துரைமாரின் பங்களாக்களிலும் கொழும்புக் கறுவாத் தோட்டத்து மாளிகைகளிலும் பலவகைப் பொருள்களாக உருமாறியது. அவற்றுள் ஒன்று பியானோ. வீட்டிலே பியானோ இருப்பதும், பிள்ளைகள் லண்டன் இசைக் கல்லூரிகளின் பரீட்சைகளிலே தேறுவதும் அந்தஸ்தின் அடையாளங்களாயின. இசை அங்கே பெரும்பாலும் தளபாடத்தின் ஒரு பகுதியே.

இத்தகைய சூழலிலேதான் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி லயனல் வென்ட் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் உயர் நீதிமன்ற நீதியரசர், பறங்கியர் சமூகத்தவர், புகைப்படக் கலையிலும் ஈடுபாடு கொண்டவர். தாயார் சட்டத்துறையிற் புகழ்பெற்ற டி சேரம் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த வென்ட், 1919இல் சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். அக்காலத்து உயர்குடி இளைஞனுக்கு வகுக்கப்பட்ட பாதை அது. ஆனால் சட்டத்தோடு நில்லாது, லண்டன் றோயல் இசைக் கழகத்திலே ஒஸ்கார் பெறிங்கரிடமும், பின்னர் புகழ்பெற்ற பியானோக் கலைஞரான மார்க் ஹம்பூர்க்கிடமும் இசை பயின்றார். 1924இல் பாரிஸ்டராகவும் பியானோக் கலைஞராகவும் நாடு திரும்பினார்.

நீதிமன்றம் அவரை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. சட்டத் தொழிலைக் கைவிட்டு இசையையே வாழ்வாக்கிக்கொண்டார். கறுப்பு அங்கி தரும் வருவாயையும் மதிப்பையும் உதறிவிட்டு மேடையில் அமர்வது அன்றைய கொழும்புச் சமூகத்திலே சிறு துணிவன்று. அம்மேடையிலும் அவர் எளிய வழியைத் தேடவில்லை. விருந்துக்குப் பின் கண்ணயர்வதற்கு ஏற்ற பழகிய மெட்டுகளை எதிர்பார்த்து வந்தோர் முன், தம் காலத்து ஐரோப்பாவின் புதிய இசையை வைத்தார். கறுவாத் தோட்டத்திலிருந்த தம் இல்லத்துக்கு ‘அல்பொராடா’ என்று பெயரிட்டார். ஸ்பானிய மொழியிலே விடியற்பாட்டைக் குறிக்கும் சொல் அது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் பியானோப் படைப்பொன்றின் பெயரிலும் அச்சொல் உண்டு.

அவ்வில்லம் நூல்களுக்கும் ஓவியங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் புகலிடமாயிற்று. 1929, 1930ஆம் ஆண்டுகளிலே சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பிலே தனிமையில் வாடிய ஓர் இளங்கவிஞருக்கு அது பெரும் துணையாய் இருந்தது. பப்லோ நெரூடாவே அவர். வெள்ளவத்தையிலே கடற்கரையோரம் குடியிருந்த தமக்கு வென்ட் நூல்களை அனுப்பிவந்ததையும், அந்நாளையக் கொழும்பின் பண்பாட்டு வாழ்வுக்கு வென்டே மையமாய் விளங்கியதையும் நெரூடா தம் நினைவுக் குறிப்புகளிலே நன்றியோடு பதிவுசெய்துள்ளார். பின்னாளில் சிலியின் சுரங்கத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்து, 1971இல் நோபல் பரிசும் பெற்ற மக்கள் கவிஞர் அவர். அவர் கற்ற நூல்களுட் சில ஒரு கொழும்புப் பியானோக் கலைஞரின் அலுமாரியிலிருந்து சென்றவை. பண்பாட்டின் வழிகள் நாம் எண்ணுவதிலும் சிக்கலானவை.

இவ்வளவோடு நின்றிருப்பின் வென்ட் ஐரோப்பியப் பண்பாட்டை நன்கறிந்த ஒரு கொழும்புக் கனவான் என்ற அளவிலேயே நினைக்கப்பட்டிருப்பார். அவருடைய வாழ்வின் திருப்பம் கண்டியிலேதான் நிகழ்ந்தது.

1930களில் கண்டி நடனத்தின் நிலை என்ன? அதனை ஆடியோரும் முழவு இசைத்தோரும் பெரும்பாலும் ‘பெரவ’ என்னும் சாதியினர். கண்டி மன்னர் காலத்திலே நிலமானிய முறையின்படி, துண்டு நிலத்துக்கு ஈடாக விகாரைக்கும் தேவாலயத்துக்கும் ஆட்டமும் முழவும் அவர்களுக்குக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தன. 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டதாயினும் கோயில் நிலங்களோடு பிணைந்த கடமை ஒழியவில்லை. சாதி இழிவும் ஒழியவில்லை. பெரஹராவிலே அவர்கள் ஆடுவதைக் கண்டு மகிழ்ந்தோர், ஆட்டம் முடிந்ததும் அவர்களைச் சமமாக அமரவிடவில்லை. ஆங்கிலம் கற்ற வர்க்கமோ இவ்வாட்டத்தை அநாகரிகக் கூத்தென ஒதுக்கியது. 1880களிலே ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய மிருகக் காட்சி வியாபாரி, யானைகளோடு சேர்த்து இலங்கை மக்களையும் ஆட்டக்காரரையும் ஐரோப்பிய நகரங்களிலே காட்சிப் பொருள்களாக்கினான் என்பதை எண்ணினால், அன்றைய உலகு இக்கலையை எந்தக் கண்ணால் நோக்கியது என்பது விளங்கும்.

இந்நிலையிலேதான் வென்ட் கண்டிக் கிராமங்களின் பக்கம் திரும்பினார். நித்தவெல குணாய, அமுனுகம சுறம்ப என்று கண்டி நடனத்தின் மேதைகள் தங்கள் பெயருக்கு முன்னே தாங்கும் ஊர்கள் நமக்கு அந்நியமானவையல்ல. கண்டியைச் சூழ்ந்த நம் பக்கத்து ஊர்களே. அவ்வாட்டத்திலே வென்ட் கண்டது விநோதத்தையன்று, இலக்கணத்தை. பியானோ ஆசிரியர்களிடம் நாள்தோறும் மணிக்கணக்கிற் பயின்று, தாளத்தின் நுட்பத்தையும் விரலின் ஒழுக்கத்தையும் கற்ற ஒருவருக்கே, முழவுக்காரனின் இரு கைகளும் வேறு வேறு ஓசை எழுப்பி ஒரே தாளத்திற் சந்திப்பதன் அருமை புலப்படும். தந்தையிடம் சிறுவயதிலேயே பயிலத் தொடங்கி, உடலையே ஏடாக்கிக்கொண்ட கலைஞர் அவர்கள் என்பதை அவர் உணர்ந்தார். தம் புகைப்படக் கருவியாலும் செல்வத்தாலும் செல்வாக்காலும் அவர்களை ஆதரித்தார். கண்டியிற் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் திறமையை முதலிலே மதித்து ஊக்கியோருள்ளும் அவர் முக்கியமானவர். லண்டனிலே கற்ற செவி, அக்கல்வியைத் துறக்காமலே, அதன் துணைகொண்டே சொந்த மண்ணின் ஒலியைக் கேட்டது. வென்டின் வாழ்விலே நாம் போற்றவேண்டிய முதல் உண்மை இதுவே.

1930களிலே புகைப்படக் கலை அவரை முற்றாக ஆட்கொண்டது. 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தின் தோற்றத்துக்குக் காரணராயிருந்தார். உழவர், மீனவர், ஆட்டக்காரர், இடிந்த புராதன நகரங்கள், கிராமத்துப் பெண்கள், இளைஞர் ஆகியோரெல்லாம் அவர் படங்களிலே இடம்பெற்றனர். அஞ்சலட்டைக்காக வெள்ளையர் எடுத்த படங்களிலே இலங்கையர் வெறும் மாதிரிகளாய் நின்றனர். வென்டின் படங்களிலோ மனிதராய் நின்றனர். ஒளியும் நிழலும் அங்கே வெண்கட்டையும் கறுப்புக்கட்டையும் போல இயைந்தன.

நிற்க. 1934ஆம் ஆண்டு பசில் றைற் என்னும் இளம் ஆங்கிலேயர் ஒரு விவரணப்படம் எடுப்பதற்காக இலங்கை வந்தார். ‘சோங் ஒவ் சிலோன்’, அதாவது இலங்கைப் பாடல், என்று பெயர்பெற்ற அப்படம் 1935இல் பிரஸ்ஸல்ஸ் நகரப் படவிழாவிலே முதற்பரிசு பெற்று, உலக விவரணப்பட வரலாற்றிலே அழியா இடம் பெற்றது. வென்ட் அவருக்கு வழிகாட்டியாகவும் துணைவராகவும் இருந்தார். கண்டி முழவும் ஆட்டமும் அப்படத்தின் உயிர் எனலாம். படத்தின் பின்னணிக் குரலும் வென்டினுடையதே. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே கைதியாய் வாழ்ந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்பவர் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை அவர் வாசித்தார். ஆங்கிலேயன் ஒருவன் கண்டியைப் பற்றி எழுதியதை, இலங்கையர் ஒருவரின் குரலிலே உலகம் கேட்டது.

ஆனால் அப்படத்துக்குப் பணம் தந்தது யார்? தேயிலைப் பிரசார சபை. தேயிலையை உலகச் சந்தையிலே விற்பதற்காகத் தேயிலையின் பணத்திலே எடுக்கப்பட்ட படம் அது. நான்கு பகுதிகளைக் கொண்ட அப்படத்தின் மூன்றாம் பகுதி வணிகத்தின் குரல்களைப் பற்றியது. லண்டன் விலைப் பட்டியல்களின் ஓசையும் இலங்கை உழைப்பின் காட்சியும் அங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலிலே ஒரு விமர்சனம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்தப் பணத்தைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிச் சேர்த்த பெண்களின் கூலி என்ன, அவர்கள் உறங்கிய லயத்து அறையின் நீள அகலம் என்ன, கங்காணியிடம் பட்ட கடன் என்ன என்பவற்றை அப்படம் சொல்லவில்லை. கண்டி முழவு ஒலித்த படத்திலே தோட்டத்துத் தப்புக்கு இடமில்லை.

அதே ஆண்டுகளிலே தோட்டங்கள் ஊமையாயிருந்தனவா? இல்லை. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் சங்கத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மை தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரின் துயரைத் தாமே பாடல்களாக இயற்றிப் பாடினார். அதுவும் இசையே, கட்டணச் சீட்டில்லாத இசை. 1937இல் மடுல்கல பகுதித் தோட்டமொன்றிலே பயிற்சிக்கு வந்த பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று பேசியமைக்காக நாடுகடத்த ஆணையிடப்பட்டார். அவ்வாணை செல்லாதென அதே ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1940 ஜனவரியிலே மூலோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். இவையெல்லாம் நிகழ்ந்தது இதே கண்டி மலைகளிலேதான். கண்டி முழவை உலகறியச் செய்த அந்த நுண்ணிய கலையுலகிலே இவ்வொலிகள் எதிரொலிக்கவில்லை.

இதனைக் கொண்டு வென்டைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. கலைஞன் தன் வர்க்கத்தின் வேலியை ஓர் இடத்திலே தாண்டினான் என்பதற்காக எல்லா இடத்திலும் தாண்டியிருக்க வேண்டுமென்று கட்டளையிடுவது வரலாற்று நோக்காகாது. அதே சமயம், தாண்டிய வேலியை மட்டும் காட்டித் தாண்டாத வேலியை மறைப்பது வழிபாடேயன்றி மதிப்பீடன்று. கண்டி நடனம் அவருக்குப் பழம்பெரும் நாகரிகமொன்றின் எச்சமாய்த் தோன்றியது. தோட்டத் தொழிலாளியிடமோ அவ்வாறு கொண்டாடத்தக்க ‘பழமை’ எதையும் அன்றைய கலையுலகு காணவில்லை. கடல் கடந்து வந்த கூலிக்குக் கலை ஏது என்பதே பொது எண்ணம். அழகைத் தேடும் கண், உழைப்பைக் காணத் தவறும் இடம் இது.

1943 ஆகஸ்ட் 29ஆந் திகதி வென்டின் இல்லத்திலே ஓவியர் சிலர் கூடினர். ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெற், றிச்சட் கேப்ரியல், பௌத்த துறவியாயிருந்த மஞ்சுஸ்ரீ முதலியோரின் பெயர்கள் இக்குழுவோடு இணைந்தவை. ‘43 குழு’ என வரலாற்றிலே நிலைத்த அமைப்பு அன்று பிறந்தது. ஆங்கிலக் கல்விக்கழக ஓவிய மரபின் ஆதிக்கத்தை உடைத்து, ஐரோப்பாவின் புதுமையையும் இந்நாட்டு மரபையும் இணைத்து ஒரு நவீன ஓவியத்தை அவர்கள் ஆக்கினர். பறங்கியரும் சிங்களவரும், கிறிஸ்தவரும் பௌத்தத் துறவியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். எவர் மதமும் எவர் இனமும் அங்கே தூரிகைக்கு நிபந்தனையாகவில்லை. அதே ஆண்டு நவம்பரிலே முதற் கண்காட்சி நடைபெற்றது. ஓர் ஆண்டு கழிந்து, 1944 டிசம்பர் 19ஆந் திகதி, நாற்பத்து நான்கு வயதிலே வென்ட் மாரடைப்பால் மறைந்தார். பியானோவில் அவர் எழுப்பிய ஓசை கேட்டோரின் நினைவோடு போயிற்று. புகைப்படங்களின் நெகடிவுகளும் அவருக்குப் பின் அழிந்தன. எஞ்சிய படங்களிலிருந்தே 1950இல் அவருடைய புகைப்பட நூல் லண்டனில் வெளியாயிற்று.

அவர் வாழ்ந்த வீட்டுமனையிலே குடும்பச் சொத்தையும் நண்பரின் உழைப்பையும் கொண்டு ஒரு நாடக அரங்கு எழுந்தது. 1953 டிசம்பர் 12ஆந் திகதி லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டபோது மேடையேறிய நாடகம் எது? மாக்சிம் கோர்க்கியின் ‘அதல பாதாளம்’. சமூகத்தின் அடித்தளத்திலே நசுக்குண்டு கிடக்கும் மாந்தரைப் பற்றிய நாடகம். அதற்குச் சரியாக நான்கு மாதம் முன்னர், 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி, அரிசி விலையை ஒரு கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தியமைக்கு எதிராக இந்நாட்டு உழைக்கும் மக்கள் ஹர்த்தால் நடத்தினர், உயிர்கள் பலியாயின, பிரதமர் பதவி விலகினார். வீதியிலே பசித்தவரின் குரல் எழுந்த ஆண்டிலேயே, கறுவாத் தோட்டத்து மேடையிலும் பசித்தவர் தோன்றினர். மேடையின் முன் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்றோரே என்பது உண்மை. ஆயினும் கதவொன்று திறந்தது என்பதும் உண்மையே. அத்தெருவின் பெயரும் பின்னர் மாறியது. கில்போர்ட் கிறெசென்ற் என்று ஆங்கிலப் பெயர் தாங்கிய தெரு, சிங்கள இசையிலே மேலைச் சேர்ந்திசையைப் பிணைத்த இசையமைப்பாளர் பிரேமசிறி கேமதாசவின் பெயரைப் பெற்றது.

சுதந்திரத்துக்குப் பின்னர் கண்டி நடனம் பாடசாலைக்கு வந்தது. அரச விழாக்களின் அணிகலனாயிற்று. ஒருகாலத்திலே சாதி இழிவோடு ஆடப்பட்டது தேசியச் சின்னமாயிற்று. ஆட்டம் உயர்ந்த அளவுக்கு ஆட்டக்காரச் சாதியினர் உயர்ந்தனரா என்பது வேறு கேள்வி. அதே சுதந்திர நாடு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை பலர் பிரஜாவுரிமையின்றியே வாழ்ந்தனர். ஒரு முழவைத் தேசத்தின் குரலாக ஏற்ற நாடு, மற்றொரு முழவின் சொந்தக்காரரைத் தேசத்துக்கு வெளியே நிறுத்தியது. பண்பாட்டைக் கொண்டாடுவது எளிது. அதனைப் படைப்பவனை மனிதனாக ஏற்பதே கடினம்.

அச்சுவர்கள் இன்னும் விழவில்லை என்பதைத் திகனவிலே வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் மாதத்திலே இதே திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அயலானின் பாட்டையும் தொழுகையையும் சாவோலத்தையும் கேட்கப் பழகாத செவி, ஒரு நாள் வதந்தியை மட்டும் தெளிவாகக் கேட்டுவிடுகிறது.

இனி, நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். வென்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மூன்று சம்பந்தங்கள் உண்டு. அவர் அமர்ந்த பியானோவின் பின்னால், அத்தகைய வாழ்வைச் சாத்தியமாக்கிய தோட்டப் பொருளாதாரத்தின் பின்னால், நம் பாட்டன் பாட்டியரின் உழைப்பு நிற்கிறது. ஆதலால் அக்கலையும் நமக்கு அந்நியமன்று, அதிலே நமக்கும் பங்குண்டு. இரண்டாவதாக, தான் பிறந்த வர்க்கம் இழிவென ஒதுக்கிய முழவை எழுந்து சென்று கேட்கும் துணிவு மனிதனுக்கு இயலும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். மூன்றாவதாக, அவர் கேட்காமல் விட்ட ஒலி ஒன்று உண்டு. அதனைக் கேட்பிக்கும் கடமை நம்முடையது.

பியானோவைக் கண்டு ‘முதலாளிகளின் வாத்தியம்’ என்று முகஞ்சுளிக்கும் முற்போக்கு நமக்கு வேண்டாம். தப்பைக் கண்டு ‘சாவு மேளம்’ என்று முகஞ்சுளிக்கும் கௌரவமும் வேண்டாம். கேள்வி கேட்ட மாணவனின் பாட்டனார் தம் தோட்டத்திலே தப்படிப்பதில் வல்லவர் என்று பின்னர் அறிந்தோம். அடுத்த தமிழ்த்தின விழாவுக்கு அவரை அழைத்திருக்கிறோம். விழா மண்டபத்திலே மேடையின் ஓரத்தில் பழைய பியானோ ஒன்று துணி போர்த்திக் கிடக்கிறது. அதனை வெளியே தள்ளிவிட்டா பாட்டனாருக்கு இடம் தருவது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றோம். அது அங்கேயே இருக்கட்டும். துணியை மட்டும் எடுத்துவிடுவோம்.